கன்னத்தில் அறைந்தவனிடம் கேட்ட கேள்வி

செட்டிநாட்டில் கிறிஸ்தவர்கள் சிறு கூட்டம்தான். காரைக்குடி செக்காலையில் சகாய மாதா கோயில், தேவகோட்டையில் தே பிரித்தோ பள்ளி, அந்தப் பக்கம் சருகணி, கடலை நோக்கிப் போனால் ஓரியூர் என்று சில இடங்களைச் சுற்றியே அவர்களுடைய வழிபாடும் விழாவும் நடக்கின்றன. சிறு கூட்டமாக இருப்பவர்கள் காதில் கேலி சீக்கிரம் விழும். பால் பவுடருக்கும் கோதுமைக்கும் மாறினவர்கள் என்பார்கள். வெள்ளைக்காரன் சாமியைக் கும்பிடுகிறவர்கள் என்பார்கள். ஜெபக் கூட்டத்தில் ஒலிபெருக்கி வைத்துக் கத்துவதை நடித்துக் காட்டுவார்கள். பேசுகிற தமிழே ஒரு தினுசாக இருக்கிறது என்று சிரிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று கேட்பார்கள்: சமத்துவம் பேசுகிறீர்களே, உங்கள் கல்லறையில் ஏன் சாதி இருக்கிறது?

இவை எல்லாம் ஒரே ரகம் அல்ல. முதலில் சொன்னது வெறும் வசை. கடைசியில் சொன்னது குற்றச்சாட்டு. நடுவில் உள்ளவை இரண்டும் கலந்தவை. கேலி செய்கிறவர் இவற்றைப் பிரித்துத் தரமாட்டார். பிரிக்க வேண்டியது கேட்கிறவர் வேலை. நானூறு ஆண்டுகளாகத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்த வேலையைச் செய்தும் செய்யத் தவறியும் வந்திருக்கிறார்கள். சிலர் தாங்கிக்கொண்டார்கள். சிலர் திருப்பித் திட்டினார்கள். சிலர் தடை கேட்டு அரசிடம் போனார்கள். மிகச் சிலர் கேலிக்குள் கிடந்த உண்மையை எடுத்துத் தங்களைத் திருத்திக்கொண்டார்கள். அந்த வரலாற்றை ஒருசேர வைத்துப் பார்த்தால், நிலைத்து நிற்பது அந்த மிகச் சிலருடைய உழைப்பே என்பது என் முடிவு.

இதற்கு வேதத்திலேயே ஓர் அடிப்படை உண்டு. யோவான் நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில், தலைமைக் குருவின் விசாரணையின்போது ஒரு காவலன் இயேசுவைக் கன்னத்தில் அறைகிறான். நான் பேசியது தவறு என்றால் அந்தத் தவறைக் காட்டு, சரி என்றால் ஏன் அடிக்கிறாய் என்று அவனிடம் கேட்கிறார் இயேசு. மலைப்பொழிவில் மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவர் இங்கே காட்டவில்லையே என்று மடக்குகிறவர்கள் உண்டு. அவர் திருப்பி அடிக்கவும் இல்லை, வாய்மூடிப் போகவும் இல்லை. அடித்தவனையே சாட்சி சொல்ல அழைக்கிறார். பாவமில்லாதவர் என்று நாம் அறிக்கையிடுகிற ஒருவர், தம்மை அடித்த கூலிக்காரனிடம் என் தவறைக் காட்டு என்று கேட்க முடிந்தது. அப்படியானால் அவர் பெயரைத் தாங்கியவர்களுக்கு அதைக் கேட்பதில் என்ன கௌரவக் குறைவு?

நீதிமொழிகள் 9ஆம் அதிகாரம் ஏளனக்காரனைக் கண்டிக்காதே, பகைப்பான்; ஞானியைக் கண்டி, நேசிப்பான் என்ற கருத்தைச் சொல்கிறது. நம் பிரசங்கங்களில் இதை எப்போதும் பிறரை அளக்கவே எடுக்கிறோம். கண்டிப்பு நம்மேல் விழும்போது நாம் அந்த இருவரில் யார் என்று அது நம்மையே அளப்பதை விட்டுவிடுகிறோம். திருத்தூதர் பணிகளில் அப்பொல்லோ என்ற பெரிய பேச்சாளரைக் கூடாரம் செய்து பிழைத்த பிரிஸ்கில்லாவும் ஆக்கிலாவும் தனியே அழைத்துத் திருத்துகிறார்கள். அந்தியோக்கியாவில் பேதுருவைப் பவுல் எல்லார் முன்னிலும் முகத்துக்கு நேரே கடிந்துகொள்கிறார். அதே பேதுருவின் பெயரால் வழங்கும் இரண்டாம் திருமுகம் பவுலை அன்புச் சகோதரர் என்றே குறிப்பிடுகிறது. தமிழ் மண்ணுக்கும் இது அந்நியம் இல்லை. இடித்துச் சொல்லும் துணை இல்லாத அரசன் கெடுப்பவர் இல்லாமலே கெடுவான் என்பது வள்ளுவர் பொருட்பாலில் சொன்ன எச்சரிக்கை.

நம் பக்கத்து வரலாறு மதுரையில் தொடங்குகிறது. 1606இல் சேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி அங்கே வந்தபோது கிறிஸ்தவம் என்றால் பரங்கி மார்க்கம் என்றே பெயர். பரங்கி மாட்டிறைச்சி தின்பவன், குடிப்பவன், குளிக்காதவன் என்பது ஊர்ப் பேச்சு. அவருக்கு முன்பே மதுரையில் இருந்த கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற குரு அந்தப் பேச்சைப் பொருட்படுத்தவில்லை. நோபிலி பொருட்படுத்தினார். காவி உடுத்தார், மரக்கறி உணவுக்கு மாறினார், தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். கிறிஸ்தவத்தைப் பற்றி எழுந்த தூற்றுதல்களுக்குப் பதிலாக ‘தூஷணத் திக்காரம்’ என்ற நூலைத் தமிழிலேயே எழுதினார். கூட இருந்த குருவே அவர்மேல் புகார் எழுதினார். கோவாவில் விசாரணை நடந்தது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருடைய வழிமுறைகளுக்கு அனுமதி தந்த பிறகே அந்தப் பிரச்சினை ஒருவாறு அடங்கியது.

கேலியைக் கேட்டுத் தன்னை மாற்றிக்கொண்ட முதல் பெரிய எடுத்துக்காட்டு இவர். அந்த அளவில் எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டு. ஆனால் அவர் காதுகொடுத்தது யாருடைய கேலிக்கு என்றும் பார்க்க வேண்டும். அக்கிரகாரத்தின் ஏளனம் அவருக்குக் கேட்டது; அந்த ஏளனத்திலிருந்து தப்பச் சாதி ஒழுங்கை அப்படியே ஏற்றுக்கொண்டார். அவர் வழியில் வந்த மறைப்பணியில் பிராமணச் சந்நியாசிகள் என்றும் பண்டாரசாமிகள் என்றும் குருக்களே இரு வகையானார்கள். சேரியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை அந்த அமைப்பு காதில் வாங்கும் விதத்தில் கட்டப்படவே இல்லை. மேலிருந்து வரும் ஏளனத்துக்குக் கூசுவதும் கீழிருந்து வரும் குற்றச்சாட்டுக்குச் செவிடாவதும் சேர்ந்தே நடக்கும் என்பதை மதுரை மறைப்பணி தொடக்கத்திலேயே காட்டிவிட்டது. அதற்கான விலையைத் திருச்சபை இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் பண்டாரசாமிகளில் ஒருவர்தான் ஓரியூரில் வெட்டுண்ட அருளானந்தர். லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் தெ பிரிட்டோ. 1686இல் மறவர் சீமையில் பிடிபட்டு விலங்கிடப்பட்டார். அடியும் வசையும் பட்டார். அந்தச் சீமையின் அரசர் கிழவன் சேதுபதி அவரை அழைத்து அவர் போதிப்பது என்ன என்று கேட்டறிந்து, இனி இங்கே போதிக்கக் கூடாது என்று சொல்லி விடுவித்தார். ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பி வந்தவர் மறுபடியும் இங்கேயே வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டது. 1947இல் புனிதராக உயர்த்தப்பட்டார். வசைக்கு வசை சொல்லாமல் தாங்கியவர் என்ற வகையில் இந்தச் சீமையின் கிறிஸ்தவர்களுக்கு அவரைவிடப் பெரிய முன்மாதிரி இல்லை. ஓரியூருக்குப் போகும் கூட்டத்தில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் கலந்திருப்பதை யாரும் பார்க்கலாம்.

அதே கதையில் நாம் அதிகம் பேசாத பகுதி ஒன்றும் இருக்கிறது. சேது அரச குடும்பத்தோடு தொடர்புடைய தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்றபோது, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க வேண்டியிருந்தது. விலக்கப்பட்டவர்களில் சேதுபதியின் உறவுப் பெண்ணும் ஒருவர். அவர் முறையிட்டதுதான் அருளானந்தரின் மரணத்துக்கு வழிவைத்தது. நம் மேடைகளில் அந்தப் பெண் வில்லியாகவே வந்துபோகிறார். ஒரு நாளில் வாழ்வாதாரமும் மதிப்பும் இழந்து நின்ற பெண்கள் அவர்கள். அவர்கள் கதி என்ன ஆனது என்று நம்மிடம் ஒருவர் கேட்டால், அது புனிதரை ஏளனம் செய்வது ஆகாது. புனிதரின் தியாகத்தைக் குறைக்காமலே அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்கலாம். தன் முன்னோர் கதையைத் திருத்திச் சொல்லத் துணிகிற சபைக்கே பிறருடைய கதையைப் பற்றிப் பேசும் தகுதி வரும்.

இந்த வரலாற்றின் மிகச் செழிப்பான பகுதி தரங்கம்பாடியில் நடந்தது. 1706இல் அங்கே இறங்கிய லுத்தரன் மிஷனெரி சீகன்பால்கு செய்த ஒரு காரியத்தை நம் சபைகளில் போதிய அளவு பேசுவதில்லை. 1712 முதல் 1714 வரை தமிழர்கள் பலருக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்களுடைய பதில்களைக் கடிதங்களாக வாங்கி, ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கே அவை அச்சாயின. அவருடைய கேள்விகளில், கிறிஸ்தவர்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்ற விசாரிப்பும் அடக்கம். பதில் எழுதியவர்கள் தயங்கவில்லை. மாடு தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், சுத்தம் பார்ப்பதில்லை, நீங்கள் போதிப்பது ஒன்று உங்கள் ஊர்க்காரர்கள் நடப்பது ஒன்று என்று எழுதினார்கள். ஓர் ஊழியர் தானே கேட்டு வசையை வரவழைத்து, அதைத் தன்னை அனுப்பியவர்களுக்கே தபாலில் அனுப்பினார் என்றால் அதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்!

அவரும் எல்லா நேரத்திலும் அப்படி இல்லை. ‘அக்கியானம்’ என்ற பெயரிலேயே இந்நாட்டுச் சமயங்களைக் கண்டித்து ஒரு சிறு நூலை அச்சிட்டவரும் அவர்தான். ஆனால் கேட்கத் தொடங்கியவர் மெல்ல மாறினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் விரிவாக எழுதி முடித்த நூலை ஹாலேயில் இருந்து மிஷனை வழிநடத்திய ஃபிராங்கே அச்சிட மறுத்தார். அஞ்ஞானத்தை வேரறுக்கப் போனவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்பக் கூடாது என்பது அவர் எண்ணம். அந்த நூல் 1867இல்தான் வெளிவந்தது. கேட்டவனுக்கும் கேளாதவனுக்கும் இருந்த தூரம் ஒன்றரை நூற்றாண்டு.

சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் முற்றுப்பெற்றது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. அவர் 1719இல் இறந்தபின் பெஞ்சமின் சூல்ட்சு பழைய ஏற்பாட்டை முடித்தார். இந்தத் தமிழைத்தான் கத்தோலிக்கரான வீரமாமுனிவர் தம் ‘வேத விளக்க’த்தில் கிழித்துப் போட்டார். வாசித்தால் கண் எரிகிறது, நா வறள்கிறது, கேட்டவர்கள் நகைக்கிறார்கள் என்ற போக்கில் அவர் எழுதிய பகுதி, தமிழில் ஒரு கிறிஸ்தவர் இன்னொரு கிறிஸ்தவரைச் செய்த ஏளனங்களில் மிகக் கூர்மையானது. அவர் ‘பரமார்த்த குருவின் கதை’ எழுதியவர், சிரிக்கவைக்கத் தெரிந்தவர். தேம்பாவணி பாடிய கை வசைக்கும் பழகியிருந்தது. தரங்கம்பாடிக்காரர்கள் ‘திருச்சபைப் பேதகம்’ எழுத, இவர் ‘பேதகமறுத்தல்’ எழுத, போர் வளர்ந்தது.

அந்தக் கண்டன நூல்களை இன்று யார் வாசிக்கிறார்கள்? ஆராய்ச்சியாளர்களைத் தவிர ஒருவரும் இல்லை. ஆனால் வீரமாமுனிவரின் ஏளனத்தில் மறுக்க முடியாத உண்மை ஒன்று இருந்தது: அந்தத் தமிழ் நல்ல தமிழ் இல்லை. அந்த உண்மையை எடுத்துக்கொண்டு உழைத்தவர் அதே லுத்தரன் மரபில் வந்த ஃபப்ரீசியஸ். 1740இல் தமிழகம் வந்து சென்னை வேப்பேரியில் பணியாற்றினார். தமிழறிந்தவர்களுக்கு வாசித்துக் காட்டுவதும் அவர்கள் தடுமாறும் இடத்தைத் திருத்துவதுமாக ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார். அவர் திருத்திய புதிய ஏற்பாடு 1772இல் வந்தது. பழைய ஏற்பாடு முழுதும் அச்சாகி முடிந்ததை அவர் கண்கள் பார்க்கவில்லை. பொன் மொழிபெயர்ப்பு என்று லுத்தரன் சபையார் அதைப் போற்றினார்கள். இன்றும் தமிழ்ப் புராட்டஸ்டன்டுகள் கையில் வைத்திருக்கும் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு அதை அடியாகக் கொண்டது. கிறிஸ்தவக் குடும்பங்களின் ஜெப மொழியே அதிலிருந்து ஊறியது. வீரமாமுனிவருக்குச் சரியான பதில் எந்தக் கண்டன நூலிலும் இல்லை. அந்த மொழிபெயர்ப்பில் இருக்கிறது.

இந்த வரிசையில் இன்னொருவரையும் சேர்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் மிஷனெரி பீட்டர் பெர்சிவல் வேதாகமத்தைத் திரும்ப மொழிபெயர்த்தபோது அவருக்குத் துணைநின்றவர் சைவரான ஆறுமுக நாவலர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளியாயிற்று. திருநீறு பூசியவர் வேதாகமத் தமிழைத் திருத்துவதா என்று நினைக்காமல், தெரிந்தவர் யாராயினும் அவரிடம் கற்கலாம் என்று பெர்சிவல் எண்ணினார். சபையார் அந்தப் பெயர்ப்பை ஏற்கவில்லை என்பது வேறு விஷயம். மக்கள் நாவில் பழகிய சொற்கள் அவ்வளவு எளிதில் விட்டுப் போவதில்லை. திருத்தம் எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார், மிஷனெரி ரேனியஸ் செய்த வேதாகமத் திருத்தத்தை எதிர்த்து எழுதினார். மக்களுக்கு மனப்பாடமான வேதத்தை மேலிருந்து வந்தவர் கலைக்கிறார் என்ற அவர் கோபத்தில் நியாயம் உண்டு. அதே சாஸ்திரியார், சபையில் சாதி வேற்றுமை கூடாது என்று மிஷனெரிகள் சொன்னபோதும் எதிர்த்தார். அங்கே அவர் பக்கம் நியாயத்தை என்னால் காண முடியவில்லை. ஒரே மனிதர் ஒரு திருத்தத்தைச் சரியாக மறுத்தார், இன்னொன்றைத் தவறாக மறுத்தார். திருத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட அது யாருடைய நோவைத் தீர்க்க வருகிறது என்று பார்த்திருந்தால் இரண்டையும் அவர் வேறுபடுத்தியிருக்கலாம்.

நாவலரிடம் திரும்புவோம். 1854இல் அவர் ‘சைவ தூஷண பரிகாரம்’ வெளியிட்டார். பெயரே சொல்வதுபோல, கிறிஸ்தவர்கள் சைவத்தைத் தூற்றியதற்கு விடை அது. சிலைகளையும் அபிஷேகத்தையும் நைவேத்தியத்தையும் மிஷன் துண்டுப் பிரசுரங்கள் பழித்துக்கொண்டிருந்த காலம். உங்கள் வேதத்திலேயே பலியும் தூபமும் பேழையும் இருக்கின்றனவே என்று அதிகாரம் அதிகாரமாக எடுத்து வைத்தார். வேதத்தை வரிவரியாகப் படித்துத் திருத்தியவர் அல்லவா! அச்சுக்கூடம், பள்ளிக்கூடம், பிரசங்கம் என்று கிறிஸ்தவர்கள் கொண்டுவந்த கருவிகளை எல்லாம் அவர் எடுத்துக்கொண்டார்.

கிறிஸ்தவர்கள் ஏளனத்தை அனுபவித்தவர்கள் மட்டும் அல்ல, செய்தவர்களும்கூட என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். திருவிழாவுக்குப் போகிற கூட்டத்தில் நின்று அவர்களுடைய சாமியைப் பழித்துத் துண்டுத்தாள் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் நம்மைக் கேலி செய்கிறார்கள் என்று அழுவதில் நேர்மை இல்லை. பேதுருவின் முதல் திருமுகம் நம் நம்பிக்கைக்கு விளக்கம் கேட்பவர்களுக்குப் பணிவோடும் மரியாதையோடும் பதில் சொல்லப் பணிக்கிறது; பிறர் நம்பிக்கையை நகைக்க அதில் உத்தரவு இல்லை. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் பக்கத்துக்குப் பக்கம் சிரிக்கவைத்தவர். அவருடைய சிரிப்பு எந்தச் சமயத்தாரையும் குத்தவில்லை. ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ எழுதிய அவருக்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நெருங்கிய நண்பராக இருந்தார். அந்த மரபு நம் கைக்குக் கிடைத்தும் நாம் அதை வளர்க்கவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

செட்டிநாட்டுக்குக் கண்டிப்பைக் கேட்கும் பழக்கம் உண்டு. 1927 செப்டம்பரில் காந்தி இங்கே சுற்றுப்பயணம் வந்தபோது, நகரத்தாரின் மாளிகைகளில் நெரிசலாக அடுக்கியிருந்த வெளிநாட்டுச் சாமான்களைப் பார்த்து முகத்துக்கு நேரே குறை சொன்னார். விருந்தாளி இப்படிப் பேசலாமா என்று யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கதர் நிதிக்குப் பணம் கொடுத்தார்கள். அதே காந்தியிடம், கிறிஸ்தவம் இந்தியாவுக்கு உரியதாக என்ன செய்ய வேண்டும் என்று ஸ்டான்லி ஜோன்ஸ் என்ற அமெரிக்க மிஷனெரி கேட்டார். முதலில் இயேசுவைப் போல வாழுங்கள், உங்கள் மார்க்கத்தை நீர்க்கவிடாமல் கைக்கொள்ளுங்கள், அன்பை நடுவில் வையுங்கள், மற்றச் சமயங்களை அனுதாபத்தோடு படியுங்கள் என்ற கருத்தில் காந்தி பதில் சொன்னார். ஜோன்ஸ் அதைத் தம் நூலில் பதிந்து உலகத்துக்கே சொன்னார். திருத்தம் கேட்டு வாங்கியவர்கள் இருவகையிலும் எதையும் இழக்கவில்லை.

மொழி விஷயத்தில் இருபதாம் நூற்றாண்டின் எடுத்துக்காட்டு தனிநாயகம் அடிகள். ரோமில் படித்துக் குருவானவர். 1940இல் வடக்கன்குளம் பள்ளிக்கு ஆசிரியராக வந்தபோது அவருடைய தமிழ் போதவில்லை. அதை ஒப்புக்கொள்ள அவர் கூசவில்லை. அங்கிருந்த தமிழ்ப் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவரானார். பிறகு செட்டிநாட்டு அரசர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முறையாகத் தமிழ் படித்தார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்திக் காட்டியவர் அவர்தான்.

வடக்கன்குளம் என்றதும் தமிழ்த் திருச்சபையின் மிகப் பெரிய காயமும் நினைவுக்கு வரும். சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்து இரு கால் வைத்துக் கட்டிய தேவாலயம் அங்கே இருந்தது. 1910இல் நடுவில் இருந்த தடுப்பு இடிக்கப்பட்டது. எங்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று வேளாளக் கிறிஸ்தவர்கள் ஆயர்மேல் வழக்குப் போட்டார்கள்; சென்னை உயர்நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனால் கல் இடிந்த அளவுக்கு மனம் இடியவில்லை. சுயமரியாதை இயக்கம் கிறிஸ்தவர்களைக் கேலி செய்தபோது அதற்கு மிகச் சுலபமாகக் கிடைத்த ஆயுதம் இந்தச் சாதிதான். ஆங்கிலத் தத்துவ அறிஞர் ரசலின் ‘நான் ஏன் கிறிஸ்தவன் அல்ல’ உரையை அந்த இயக்கத்தார் தமிழில் கொண்டுவந்தார்கள். கடவுள் உண்டா என்ற வாதத்துக்கு விடை எழுதப் பல குருக்கள் முன்வந்தார்கள். சாதி பிரிக்கும் கல்லறைச் சுவரைப் பற்றிக் கேட்டபோது விடை எழுத முடியவில்லை. இடித்திருக்க வேண்டும், அதுதான் விடை.

அந்தக் கேள்வி கடைசியில் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வெளியானது. தலித் கத்தோலிக்கப் பெண், கன்னியர் மடத்தில் இருந்து வெளியே வந்தவர், தம் ஊரையும் பள்ளியையும் மடத்தையும் பேச்சுத் தமிழில் எழுதினார். அன்பைப் போதித்தவர்கள் அன்றாடம் நடந்துகொண்ட விதத்தை எழுதினார். அந்தப் புத்தகத்தை வெளியிட்டது மதுரையில் சேசு சபையார் நடத்தும் சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம். தன்மேல் வைக்கப்பட்ட குற்றப்பத்திரிகையைத் திருச்சபையின் ஓர் அங்கமே அச்சிட்டுக் கொடுத்தது. சீகன்பால்கு ஹாலேக்கு அனுப்பிய கடிதங்களுக்குப் பிறகு, நான் அறிந்த வரையில், திருத்தத்தை இவ்வளவு துணிவாக வரவேற்ற செயல் தமிழ்க் கிறிஸ்தவத்தில் இதுதான். நோபிலியின் காதில் விழாத குரல் மூன்றரை நூற்றாண்டு கழித்து நோபிலியின் சபையாருடைய மையத்திலேயே நூலாயிற்று. 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டுத் திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்வது தொடக்கம். சப்பரம் எந்தத் தெரு வரைக்கும் போகிறது, பங்குப் பேரவையில் யார் அமர்கிறார்கள், கல்லறையில் யார் எங்கே புதைக்கப்படுகிறார்கள் என்பதில்தான் மீதி தெரியும்.

தடை கேட்கும் வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2006இல் ‘டா வின்சி கோட்’ படத்தைத் தமிழக அரசு நிறுத்திவைத்தது. தயாரிப்பு நிறுவனம் வழக்குத் தொடர, நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அந்தத் தடையை ரத்துசெய்தார். படம் வந்தது, போனது. ஒரு சபையும் சரியவில்லை. இயேசுவைப் பற்றிய ஒரு கற்பனைக் கதைக்கு எதிராகத் தெருவில் நின்றவர்கள், தம் சபைக்குள் நடந்த அநீதிக்கு எதிராக அதே வேகத்தோடு நின்றார்களா என்ற கேள்விதான் எனக்கு எஞ்சுகிறது. அதற்காக எல்லாவற்றையும் பொறுத்துப் போகச் சொல்வதும் தவறு. ஏளனம் என்மேல் விழும்போது பொறுப்பது என் உரிமை. வீட்டைக் கொளுத்த ஆள் திரட்டும் பேச்சைப் பொறுக்கச் சொல்லி ஏழை ஒருவரிடம் உபதேசிக்க எனக்கு உரிமை இல்லை. அங்கே சட்டத்தை நாடுவதே அன்பு.

1982இல் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் இடையே மூண்ட கலவரம் எங்கே தொடங்கியது என்று பார்த்தால், அதற்கு முன்னால் நெடுங்காலம் இரு பக்கமும் வளர்ந்த பழிச்சொற்கள் தெரியும். உயிர்கள் போயின. சமாதானம் பேச அங்கே போனவர்களில் முன்நின்றவர் காரைக்குடிக்குப் பக்கத்துக் குன்றக்குடி அடிகளார். ஒரு சைவ ஆதீனத் தலைவர் மீனவக் கிறிஸ்தவர்களின் வீட்டு வாசலுக்குப் போனார். தம் சமயத்தாரின் தவறைச் சொல்லக் கூசாதவர் என்பதால் மற்றவர் தவறைச் சொல்லும்போதும் அவர் சொல் எடுபட்டது. திருவருள் பேரவை வழியாக அவர் சமயத் தலைவர்களை ஒரே மேடைக்குக் கொண்டுவந்தார். சருகணிக் கோயிலுக்கு மருதிருவர் மானியம் விட்டதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிற சீமை இது. அடிகளார் அந்தத் தொடர்ச்சிதான்.

வெளியிலிருந்து வரும் ஏளனத்தைவிடச் சபைக்கு உள்ளே எழும் திருத்தத்தைத்தான் நாம் இன்று மோசமாக எதிர்கொள்கிறோம். ஊழியக்காரர் கணக்குக் காட்டவில்லை என்று ஒருவர் கேட்டால், அபிஷேகம் பெற்றவரைத் தொடக் கூடாது என்று வாயடைக்கிறார்கள். அதற்குத் துணையாகக் காட்டுவது சவுலைக் கொல்லத் தாவீது மறுத்த இடம். அந்தத் தாவீதே அரசனானபின் இறைவாக்கினர் நாத்தான் வந்து குற்றத்தைச் சொன்னபோது தொடாதே என்று சொல்லவில்லை, நான் பாவம் செய்தேன் என்றுதான் சொன்னான். திருமண்டலத் தேர்தல் தகராறுகள் உயர்நீதிமன்றப் படியேறுகின்றன. மத்தேயு 18ஆம் அதிகாரம் காட்டுகிற வழி, தனியே பேசு, கேளாவிட்டால் ஓரிருவரோடு போ, அதன்பின் சபைக்குச் சொல் என்ற வழி, நம் பங்குகளில் நடைமுறையில் இல்லவே இல்லை. நேரே முகநூலுக்குப் போகிறோம், இல்லாவிட்டால் நேரே வழக்கறிஞரிடம் போகிறோம்.

பட்டிமன்றத்தை வளர்த்த ஊர் காரைக்குடி. 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தின் மேடையில் எதிர்க்கட்சி இல்லாமல் விவாதம் இல்லை. இந்த ஊரில் வாழும் கிறிஸ்தவர்கள் சீகன்பால்கு செய்ததை மறுபடி செய்து பார்க்க ஒரு தடையும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை, தவக்காலத்தில் வைத்தாலும் நல்லது, நம் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்த இந்து, முஸ்லிம் பெற்றோரையும், கோயிலுக்கு எதிரே கடை வைத்திருப்பவரையும், ஓரியூருக்கு நேர்த்திக்கடன் கொண்டுவரும் கிறிஸ்தவர் அல்லாதவர்களையும், எல்லாருக்கும் முன்னால் ஊரின் கடைசித் தெருவில் இருக்கும் நம்முடைய தலித் குடும்பங்களையும் அழைத்து உட்காரவைக்கலாம். நாங்கள் எதில் தவறுகிறோம் என்று கேட்கலாம். பதில் சொல்லாமல், விளக்கம் கொடுக்காமல், எழுதிக்கொள்ளலாம். ஒலிபெருக்கியைப் பற்றிச் சொல்வார்கள், பள்ளிக் கட்டணத்தைப் பற்றிச் சொல்வார்கள், சேர்க்கையில் யாருக்கு முன்னுரிமை என்று கேட்பார்கள், கல்லறையைப் பற்றிக் கேட்பார்கள். சிலர் கேலியும் செய்வார்கள். எழுதியதைப் பங்குப் பேரவையில் வாசித்து, அடுத்த தவக்காலத்துக்குள் எதைச் செய்து முடிப்பது என்று தேதி குறிக்க வேண்டும். கல்லறையிலிருந்து தொடங்கலாம்.